போன் கால் எடுக்கும் திரை தானாக மாறியது ஏன், ஆண்ட்ராய்டு 16 போடலாமா: கடைக்கார அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அம்பாசமுத்திரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். எந்த அப்டேட்டும் போடாமலே போன் எடுக்கும் திரை ஒருநாள் மாறிவிட்டது, அது எப்படி? ஆண்ட்ராய்டு 16 வந்து நிற்கிறது, போனில் 6 ஜிபி ராமும் 128 ஜிபி இடமும் இருக்கின்றன. போட்டால் போன் மந்தமாகும், சார்ஜ் நிற்காது என்கிறார்களே, போடலாமா? புதிதாக வந்திருக்கும் வசதிகளில் கடைக்கும் வீட்டுக்கும் உருப்படியானது எது?

அண்ணாச்சி, சுருக்கமான பதில் இது. திரை மாறியது ஒரு ஆப் அப்டேட்டால். பழையபடி ஆக்க வழி உண்டு. ஆண்ட்ராய்டு 16 போடலாம், ஆனால் வந்த வாரமே வேண்டாம். புது வசதிகளில் திருட்டுத் தடுப்பை மட்டும் இன்றைக்கே போட்டுவிடுங்கள். இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

ரியல்மி, மோட்டோரோலா, ரெட்மி எனப் பல போன்களில் கால் பேசுவதற்கு இருப்பது கூகுளின் போன் ஆப். இந்த ஆப்புக்கு 2025 ஆகஸ்டில் புது வடிவம் பரவலாக வந்தது. பிடித்தவர்கள் பட்டியலும் சமீபத்திய அழைப்புகளும் ஒரே முகப்புப் பக்கத்துக்குள் போயின, கான்டாக்ட்ஸ் பக்கம் மேலே தேடல் பெட்டியில் இருக்கும் மூன்று கோட்டு மெனுவுக்குள் ஒளிந்துகொண்டது, கால் வரும்போது மேலே தள்ளி எடுத்த பழக்கம் போய்ப் பக்கவாட்டில் தள்ள வேண்டியதாயிற்று. வலப்பக்கம் தள்ளினால் எடுக்கும், இடப்பக்கம் தள்ளினால் கட்டாகும். நீங்கள் எதையும் தொடாமல் இது நடந்ததற்குக் காரணம் இரண்டு. பிளே ஸ்டோர் வைஃபை கிடைத்ததும் ஆப்களைத் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அப்படி இறங்கிய புது வடிவத்தை எந்தப் போனில் எப்போது காட்டுவது என்று கூகுள் தன் சர்வரிலிருந்து தனியாக ஒரு சுவிட்ச் போடும். அண்ணன் போனில் மாறி, அதே மாடல் வைத்திருக்கும் தம்பி போனில் மாறாமல் இருப்பது அதனால்தான்.

பக்கவாட்டில் தள்ளுவது பிடிக்கவில்லை என்றால் முழுதாகப் பழசுக்குப் போக வேண்டியதில்லை. போன் ஆப்பைத் திறந்து, மூன்று கோட்டு மெனுவில் செட்டிங்ஸ் போய், ‘இன்கமிங் கால் ஜெஸ்சர்’ என்பதில் ‘சிங்கிள் டேப்’ கொடுங்கள். எடுக்க ஒரு பொத்தான், கட் செய்ய ஒரு பொத்தான் எனத் திரையில் நிற்கும். எண்ணெய்க் கையோ மாவுக் கையோ வைத்துத் தள்ளிக்கொண்டிருப்பதைவிட ஒரு தட்டு தட்டுவது எளிது. கண் மங்கிய பெரியவர்களுக்கும் இதுவே நல்லது. சட்டைப் பையிலிருந்து உருவும்போது தெரியாமல் விரல் பட்டு எடுத்துவிடும் ஆபத்து இதில் அதிகம், அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முழுதாகப் பழசே வேண்டும் என்றால், போன் ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து ‘ஆப் இன்ஃபோ’ போய், மேலே வலப்பக்க மூன்று புள்ளியில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ தட்டுங்கள். ஆப் போகாது, போன் வாங்கும்போது இருந்த பதிப்புக்குத் திரும்பும், அவ்வளவுதான். பிறகு பிளே ஸ்டோரில் அதே ஆப்பின் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தட்டி ‘எனேபிள் ஆட்டோ அப்டேட்’ டிக்கை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் இரவோடு இரவாகப் புதுசு வந்து உட்கார்ந்துவிடும். ஆனாலும் இதை நிரந்தர வழியாக நான் சொல்ல மாட்டேன். பழைய பதிப்பில் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகும். சிங்கிள் டேப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் பழகிப் பாருங்கள்.

‘அப்டேட்’ என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்வதில்தான் பாதிக் குழப்பம் இருக்கிறது. போனில் நாலு சமாச்சாரம் தனித்தனியாகப் புதுப்பிக்கப்படுகிறது. ஆண்ட்ராய்டு 15, 16 என்று எண் ஏறுவது வருஷத்துக்கு ஒருமுறை வரும் பதிப்பு. மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ வருவது செக்யூரிட்டி பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தம். கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட் மூன்றாவது. 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து போன் கம்பெனியை எதிர்பார்க்காமல் கூகுளே நேராக அனுப்பும் சிறு திருத்தங்கள் இவை. நாலாவது ஆப்கள். செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ போய் ‘ஆண்ட்ராய்டு வெர்ஷன்’ என்பதைத் தட்டினால் முதல் மூன்றின் நிலவரமும் பெரும்பாலான போன்களில் தெரியும். ஏதாவது கெட்டுப்போனால், கடைசியாக மாறியது இந்த நாலில் எது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் 2021 மார்ச்சில் நடந்தது. உலகம் முழுக்க ஜிமெயில் உட்பட எத்தனையோ ஆப்கள் திறந்த உடனே மூடிக்கொண்டன. போன் போச்சு என்று எல்லாவற்றையும் அழித்து ரீசெட் அடித்தவர்கள் உண்டு. உண்மையில் பழுதானது ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்ற ஒரே ஆப்பின் அப்டேட். ஆப்களுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டுவது அதுதான். அதன் அப்டேட்டை நீக்கியதும் எல்லாம் சரியானது. பல ஆப்கள் ஒரே நாளில் சேர்ந்தாற்போல் மூடிக்கொண்டால் இன்றைக்கும் நான் முதலில் பார்க்கச் சொல்வது வெப்வியூவையும் குரோமையும்தான்.

பேட்சும் பிளே சிஸ்டம் அப்டேட்டும் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். யூபிஐ ஓடும் போனில் அதைப்போல முக்கியம் வேறில்லை. பதிப்பு மாற்றத்துக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் பொறுக்கலாம். கம்பெனிகள் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை; சிலருக்கு முதலில் அனுப்பி, புகார் வந்தால் நிறுத்தித் திருத்தி மீதிப் பேருக்கு அனுப்புவார்கள். அந்தத் திருத்தம் வந்த பிறகு ஏறுவது புத்தி. பதிப்பு ஏறிய பிறகு பழசுக்கு இறங்குவது சாதாரணமாக முடியாது என்பதும் ஒரு காரணம். பல போன்களில் கம்பெனியே அதைப் பூட்டிவைத்திருக்கும். முடிந்தாலும் உள்ளே இருக்கும் அத்தனையும் அழிந்துதான் இறங்கும்.

நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையன் கோயிலுக்குக் கூட்டம் உங்கள் ஊர் வழியாகப் போகிற நாட்கள், இதிலெல்லாம் கடைப் போனில் கை வைக்க வேண்டாம். கடை அடைத்த பிறகு இரவில் போடுங்கள். முன்கூட்டியே குறைந்தது 10 ஜிபி இடம் காலி செய்யுங்கள். பதிப்பு அப்டேட் சில ஜிபி வரும், தினம் 1.5 ஜிபி கிடைக்கும் ரீசார்ஜில் இறக்கினால் நடுவில் நின்றுவிடும், அதனால் வைஃபை வேண்டும். வாட்ஸ்ஆப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் போய் வீடியோ இல்லாமல் ஒரு பேக்கப் எடுங்கள். 2024லிருந்து ஆண்ட்ராய்டில் இந்த பேக்கப்பும் கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்தில் சேர்ந்துவிடுகிறது. இடம் நிறைந்திருந்தால் பேக்கப் ஏறாமல் மாதக்கணக்கில் பழசாகவே கிடக்கும். ஆகவே கடைசி பேக்கப் தேதியைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

சூடு இன்னொரு சங்கதி. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டைப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, தகரக் கூரைக்குக் கீழே சார்ஜ் போட்டபடியே அப்டேட் ஏற்றுவது போனை வதைப்பது. லித்தியம் பேட்டரிக்குச் சுற்றுப்புறம் 35 டிகிரிக்கு மேல் போனாலே ஆகாது. அப்டேட் போட்டதும் திரையில் பச்சைக் கோடு விழுந்ததாக வரும் புகார்கள் பெரும்பாலும் அமோலெட் திரைப் போன்களில். மென்பொருள் கோடு போடுவதில்லை; பழுது திரையிலோ அதன் இணைப்பிலோ இருக்கும். கோடு விழுந்திருந்தால் வெளிக் கடையில் கழற்றக் கொடுக்காதீர்கள், முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். சில மாடல்களுக்கு வாரண்டி முடிந்தும் இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏற்றிய முதல் இரண்டு நாள் போன் சுடும், சார்ஜ் வேகமாக இறங்கும். இதைப் பார்த்துத்தான் ‘அப்டேட் போட்டேன், பேட்டரி போச்சு’ என்ற பேச்சு கிளம்புகிறது. பதிப்பு மாறியதும் ஒவ்வொரு ஆப்பையும் புது அமைப்புக்கு ஏற்றபடி போன் மறுபடி தயார் செய்கிறது. கேலரிப் படங்களை மறுபடி அட்டவணை போடுகிறது. பிளே ஸ்டோரும் தன் பங்குக்கு ஏகப்பட்ட ஆப்களைப் புதுப்பிக்கிறது. ஆப்களைத் தயார் செய்யும் வேலை, போன் சும்மா இருந்து சார்ஜிலும் இருக்கும் நேரத்தில்தான் ஓடும்படி ஆண்ட்ராய்டில் வைத்திருக்கிறார்கள். பகலெல்லாம் கையில் வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தால் அது முடியவே முடியாது. இரண்டு ராத்திரி, வைஃபை போட்டு, சார்ஜில் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

மூன்றாம் நாளும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் செட்டிங்ஸில் பேட்டரி போய் எந்த ஆப் தின்கிறது என்று பாருங்கள். ஆப் எதுவும் சிக்காமல் மொபைல் நெட்வொர்க் மேலே நின்றால் குற்றவாளி சிக்னல். 5ஜி ஓரத்தில் மட்டும் எட்டும் ஊர்களில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறிமாறித் தேடியே சார்ஜைக் கரைக்கும். சிம் செட்டிங்ஸில் ‘பிரிஃபர்ட் நெட்வொர்க் டைப்’ என்பதை 4ஜி அல்லது எல்டிஇ ஆக வைத்து ஒருநாள் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

கடைக்காரருக்கு இனிமேல் சொல்வதுதான் முக்கியம். பணம் வந்ததும் ‘இத்தனை ரூபாய் வந்தது’ என்று சத்தம் போடும் வியாபார ஆப்கள் பதிப்பு மாறிய பிறகு ஊமையாவதுண்டு. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் அந்த ஆப்பைப் பின்னணியில் தூங்கவைப்பதால் வரும் வினை. செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப், பேட்டரி என்று போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ கொடுங்கள். ‘ஆட்டோ ஸ்டார்ட்’ என்ற சுவிட்ச் உங்கள் போனில் இருந்தால் அதையும் போடுங்கள். நோட்டிஃபிகேஷன் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள், ஆண்ட்ராய்டு 13லிருந்து ஒவ்வொரு ஆப்பும் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பதிப்பு 16இல் ‘நோட்டிஃபிகேஷன் கூல்டவுன்’ என்று ஒன்று வந்திருக்கிறது: குறுகிய நேரத்தில் அறிவிப்புகள் குவிந்தால் இரண்டு நிமிடம் வரை சத்தத்தைத் தானாகக் குறைத்துவிடும். வீட்டுக்கு அருமையான வசதி, சாயங்கால வியாபாரத்தில் அடுத்தடுத்துப் பணம் வரும் கடைக்கு ஆகாது. செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தில் இது இருந்தால் அணைத்துவிடுங்கள்.

புளூடூத் பில் பிரிண்டர் வைத்திருந்தால், பில் ஆப்பின் அனுமதிகளில் ‘நியர்பை டிவைசஸ்’ கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 12லிருந்து வந்த அனுமதி இது. கொடுக்காவிட்டால் பிரிண்டர் பட்டியலிலேயே வராது, பிரிண்டர் கெட்டுவிட்டது என்று தோன்றும். ரொம்பப் பழைய பில் ஆப் என்றால் இன்னொரு எச்சரிக்கை. ஆண்ட்ராய்டு 6க்கு முந்தைய அமைப்பைக் குறிவைத்து எழுதிய ஆப்களைப் பதிப்பு 14 புதிதாக நிறுவ விடாது. பதிப்பு 15 அந்த வரம்பை ஆண்ட்ராய்டு 7க்கு உயர்த்தியது. ஏற்கெனவே போனில் இருப்பது அப்டேட்டுக்குப் பிறகும் தங்கும், ஆனால் அழித்துவிட்டால் மறுபடி ஏறாது. அந்த ஆப்பை மட்டும் தப்பித்தவறியும் அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

வேகத்துக்கு யூடியூபில் சொல்லும் வைத்தியங்களில் ஒன்று, ஆப் எழுதுபவர்களுக்கென்று மறைத்து வைத்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, திரை மாறும்போது வரும் அசைவை (அனிமேஷன்) பாதியாக்குவது. வேகம் கூடியதுபோல் தெரியும், ஆனால் டெவலப்பர் ஆப்ஷன் திறந்திருந்தால் பல வங்கி ஆப்கள் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதே பலன் வேண்டுமென்றால் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி போய் ‘ரிமூவ் அனிமேஷன்ஸ்’ போடுங்கள், வங்கி ஆப்புக்கு ஆட்சேபம் இராது. ராம் பூஸ்ட், ராம் பிளஸ் என்று இருப்பதையும் அணைத்துப் பாருங்கள். அது உண்மையான ராம் இல்லை. மெதுவான ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ராம்போலப் பயன்படுத்துவது. 6 ஜிபி இருக்கும் உங்கள் போனில் அணைத்தாலே ஓட்டம் சீராக வாய்ப்பு உண்டு. ஸ்டோரேஜில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

இதெல்லாம் செய்தும் தேறாவிட்டால் கடைசியாகத்தான் ரீசெட். ரீசெட் அடித்தால் யூபிஐயை முதலிலிருந்து பதிய வேண்டும். அதற்குப் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும், எஸ்எம்எஸ் இல்லாத ரீசார்ஜில் அது போகாது. புதிதாகப் பதிந்த முதல் 24 மணி நேரம் அனுப்பும் தொகைக்கு 5,000 ரூபாய் வரம்பு விழும். சரக்குக்குப் பணம் அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி ரீசெட் அடித்துவிடாதீர்கள்.

தமிழில் போன் வைத்திருப்பவர்களுக்கு 15லும் 16லும் யாரும் விளம்பரப்படுத்தாத ஒரு நல்லது நடந்திருக்கிறது, எனக்கு இந்தப் பதிப்புகளில் மிகவும் பிடித்ததே அதுதான். கீ, கூ, ஞூ மாதிரி மேலும் கீழும் நீளும் எழுத்துகள் பல ஆப்களில் தலை வெட்டியோ, வால் நசுங்கியோ தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கில எழுத்தின் உயரத்துக்கு அளந்த வரிக்குள் அடங்கட்டும் என்று தமிழ் எழுத்துருவையே நெருக்கி வைத்திருந்ததுதான் காரணம். ஆண்ட்ராய்டு 15ஐக் குறிவைத்து எழுதப்படும் ஆப்களுக்கு, தமிழ் உட்படச் சில மொழிகளின் எழுத்தை அதன் இயல்பான உயரத்தில் காட்டுவதே வழக்கமாக்கப்பட்டது. 16ஐக் குறிவைக்கும் ஆப்கள் பழைய நெருக்கத்துக்குத் திரும்பவே முடியாது. ஆப் எழுதுபவர் கவனமில்லாமல் பெட்டியின் உயரத்தைக் கட்டி வைத்திருந்தால் சில இடங்களில் வரி வெளியே துருத்தும். அது ஆப்பின் குறை, அவர்களுக்கு எழுதிச் சொல்லுங்கள். இதோடு ஆப்புக்கு ஆப் மொழி மாற்றும் வசதி ஆண்ட்ராய்டு 13லிருந்தே இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், லாங்குவேஜஸ், ‘ஆப் லாங்குவேஜஸ்’ என்று போனால், போன் ஆங்கிலத்தில் இருக்க ஒரு ஆப்பை மட்டும் தமிழில் வைக்கலாம். ஆப் தமிழைத் தந்திருந்தால்தான் பட்டியலில் வரும்.

திருட்டுத் தடுப்புக்குப் புதுப் பதிப்பே தேவையில்லை, ஆண்ட்ராய்டு 10க்கு மேல் இருந்தால் போதும். செட்டிங்ஸில் கூகுள் பக்கம் போய், ‘ஆல் சர்வீசஸ்’ பகுதியில் ‘தெஃப்ட் புரொடெக்ஷன்’ திறங்கள். போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதை அசைவை வைத்து உணர்ந்து திரையைப் பூட்டுவது ஒன்று. திருடியவன் நெட்டை அணைத்து வைத்தால் சிறிது நேரத்தில் பூட்டுவது இன்னொன்று. மூன்றாவது ரிமோட் லாக்: வேறு யாருடைய போனிலிருந்தும் கூகுளின் பூட்டும் பக்கத்துக்குப் போய் உங்கள் நம்பரைக் கொடுத்தால் திரை பூட்டும். திருநெல்வேலி டவுண் தேரோட்டக் கூட்டத்தில் போன் போனால் கூகுள் பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் வரும்? நம்பர் மட்டும் போதும் என்பதுதான் இதன் பலம். மூன்றையும் போடுங்கள். *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே முடக்க அது வேண்டும்.

மற்ற வசதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரைவேட் ஸ்பேஸ் பதிப்பு 15இல் வந்தது. வங்கி ஆப்களைத் தனிப் பூட்டுக்குள் வைக்கலாம், ஆனால் அதைப் பூட்டியதும் உள்ளே இருக்கும் ஆப்களின் அறிவிப்பு வராது, கடை ஆப்பை உள்ளே போடாதீர்கள். குரலில் கேட்டால் பதில் சொல்லும் கூகுளின் ஏஐ உதவியாளர் ஜெமினி லைவ் தமிழில் பேசுகிறது. பொதுத் தமிழில் கேட்டால் ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளும். நம்ம ஊர்ப் பேச்சில் வேகமாகக் கேட்டால் சறுக்க இடமுண்டு, அதனால் விலைக் கணக்கை அது சொன்னபடியே நம்பி எழுதாதீர்கள். பதிப்பு 16இல் ‘அட்வான்ஸ்டு புரொடெக்ஷன்’ என்ற ஒரே சுவிட்ச் பல பாதுகாப்புகளைச் சேர்த்துப் போடுகிறது. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏபிகே (ஆப்பை நேராக நிறுவும் பைல்) ஏற்றுவதையும் அது தடுத்துவிடும். வீட்டுப் பெரியவர்கள் போனில் போட்டுக் கொடுக்கத் தகுந்தது. கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம், வங்கி அப்டேட் என்ற பெயரில் வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகே பைலைத் திறந்துதான் பலர் பணம் இழக்கிறார்கள். உண்மையான அப்டேட் பிளே ஸ்டோரிலும் செட்டிங்ஸிலும் மட்டுமே வரும். தெரியாமல் ஏற்றிவிட்டால் உடனே நெட்டை அணைத்து, வேறு போனிலிருந்து சைபர் மோசடி உதவி எண் 1930க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக, அப்டேட் முடிந்ததும் ஒருமுறை பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. செட்டிங்ஸில் ‘சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி’ பக்கத்தில் ‘வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்’, அதாவது ஆபத்துக் காலத்தில் போன் அலறி எச்சரிக்கும் வசதி, எல்லாம் ஆன் ஆக இருக்கட்டும். 2023இல் நாடு முழுக்கச் சோதனை அலறல் வந்தபோது தொந்தரவு என்று பலர் அணைத்துப்போட்டார்கள். அதே வருஷம் டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி பெருக்கெடுத்து வந்தது ஊருக்கே தெரியும். இந்த எச்சரிக்கை டவரிலிருந்து நேராக வருவதால் நெட் பேக் தீர்ந்திருந்தாலும் வரும். ஐப்பசி பிறக்கும் முன்னே வானிலை எச்சரிக்கை தரும் தமிழ்நாடு அரசின் டிஎன் அலர்ட் ஆப்பையும் ஏற்றி இருப்பிட அனுமதி கொடுங்கள். கூகுள் மேப்ஸில் அம்பாசமுத்திரம் முதல் திருநெல்வேலி வரை ஆஃப்லைன் மேப்பாக இறக்கி வையுங்கள். டவரே விழுந்துவிட்டால் எச்சரிக்கையும் வராது, ஆனால் அந்த வரைபடம் நெட் இல்லாமலே வழி காட்டும்.